பட்ஜெட் கேமிங் பிசி: காசு பிராசசருக்கா, கிராபிக்ஸ் கார்டுக்கா?

"ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், கேமிங் பிசி, அவசர விற்பனை" என்று ஒரு விளம்பரத்தை அனுப்பி, "அண்ணா, இது எடுக்கலாமா?" என்று கேட்கும் தம்பிகள் இன்னும் குறையவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் அந்த ஐ7, 2012-ல் வந்த 3770 ஆக இருக்கும், கூடவே ஜிடி 730 என்று பேருக்கு ஒரு கார்டு, கேபினட்டில் மட்டும் நாலு ஃபேன் கலர் கலராகச் சுற்றும். நம் ஊரில் கம்ப்யூட்டர் என்றாலே பிராசசர் பேரைச் சொல்லித்தான் விற்பார்கள், நாமும் அதைக் கேட்டுத்தான் வாங்குவோம். ஆபீஸ் வேலைக்கு அது சரி. கேம் ஆட என்றால் கணக்கு தலைகீழ்: முதலில் கிராபிக்ஸ் கார்டு எது என்று முடிவு செய்ய வேண்டும், அந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்கிற அளவுக்கு மட்டும் ஒரு பிராசசர், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

மானிட்டரைச் சேர்க்காமல் ஐம்பது, அறுபதாயிரம், 1080பி (ஃபுல் எச்டி) திரை. இதை வைத்துத்தான் கீழே பேசுகிறேன். ஒவ்வொன்றுக்கும் விலை போடவில்லை, இன்றைக்கு எழுதினால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும், அதிலும் ராம் விலை போகிற போக்கில்.

இந்த பட்ஜெட்டில் நேருக்கு நேர் நிற்கும் கார்டுகள் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600-உம் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050-உம். 6600 வந்தது 2021 அக்டோபரில், 8 ஜிபி மெமரி, 132 வாட். 3050 அடுத்த ஜனவரியில், அதுவும் 8 ஜிபி, 130 வாட். காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆட உட்கார்ந்தால் 1080பி-யில் 6600 ஏறத்தாழ 30 சதவீதம் முன்னால் போகும். ஒரே கேமில் ஒன்று 45 எஃப்பிஎஸ்ஸில் (வினாடிக்கு இத்தனை படம் என்ற கணக்கு) திணறும்போது இன்னொன்று 60-ஐத் தொட்டுவிடும் என்றால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. 2024 பிப்ரவரியில் என்விடியா அதே 3050 என்ற பெயரிலேயே 6 ஜிபி கார்டு ஒன்றை இறக்கியது. மெமரி மட்டும்தானே குறைந்திருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கோர்கள் 2560-லிருந்து 2304 ஆகிவிட்டன, மெமரி பஸ் 128 பிட்டிலிருந்து 96 பிட், மின்சாரம் 70 வாட். பழைய 3050-ஐவிடச் சுமார் 20 சதவீதம் மெதுவு. கவுன்டரில் இரண்டு டப்பாவையும் பக்கத்தில் வைத்தால் முகப்பில் பெரிய எழுத்தில் ஒரே எண்தான், 6 ஜிபியா 8 ஜிபியா என்பது ஓரத்தில் சின்னதாக இருக்கும். திறந்து காட்டச் சொல்லி கார்டின் மேல் விளிம்பைப் பாருங்கள்: 8 ஜிபி கார்டில் எஸ்எம்பிஎஸ் (கரன்ட் கொடுக்கும் பெட்டி) ஒயரைச் செருக ஒரு சாக்கெட் இருக்கும், 6 ஜிபி கார்டுகளில் பெரும்பாலானவற்றில் அந்த இடம் வெறுமையாக இருக்கும், ஸ்லாட்டிலிருந்து வரும் கரன்ட்டே அதற்குப் போதும். கடைக்காரர் "3050 சார்" என்று மட்டும் சொல்லி விலையும் கொஞ்சம் சல்லிசாக இருந்தால் அது எது என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் 3050-ஐ யாருமே வாங்கக் கூடாதா என்றால், அப்படி இல்லை. கேமோடு பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் பழகுகிறவர்கள், கூடா (CUDA, என்விடியா கார்டில் மட்டும் ஓடும் கணக்கு வசதி) கேட்கிற மென்பொருள் ஏதாவது படிப்புக்குத் தேவைப்படுகிறவர்கள் என்விடியா பக்கம் போவதில் அர்த்தம் இருக்கிறது. சின்னப் படத்தைப் பெரிதாக்கி வேகம் கூட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ்ஸும் படத் தரத்தில் 6600-இல் ஓடும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆரைவிட நன்றாகவே இருக்கும். டிரைவர் விஷயத்திலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: 2025 கடைசியில் ஆர்எக்ஸ் 6000 வரிசையின் டிரைவரைத் தனியாகப் பிரித்துப் பராமரிப்பு நிலைக்கு மாற்றுவதாக ஏஎம்டி சொல்லப்போய், ஆளாளுக்குக் கத்தியதும், புது கேம்களுக்கான ஆதரவு தொடரும் என்று விளக்கம் கொடுத்தது. அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான், கேம் மட்டும் என்றால் என் ஓட்டு 6600-க்கே. ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்றால் ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 5050 இரண்டில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அது.

இன்டெலின் ஆர்க் பி580-ஐப் பலர் கேட்கிறார்கள். 12 ஜிபி மெமரி, வேகமும் 6600-க்கு மேலே, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதன் டிரைவர் பிராசசரிடம் நிறைய வேலை வாங்கும், ரைசன் 5 5600 மாதிரி நடுத்தர பிராசசரோடு சேர்த்தால் சில கேம்களில் வேகம் நன்றாகவே இறங்குவது சோதனைகளில் தெரியவந்தது. ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே மூச்சில் எட்ட விடும் வசதி) இல்லாத பழைய மதர்போர்டில் அதைப் போடவே கூடாது.

செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 580? கிரிப்டோ மைனிங்கில் இரவு பகலாக ஓடிய கார்டுகள் நிறைய சுற்றுகின்றன, அதோடு 580 என்று பேர் போட்டு 2048எஸ்பி என்று ஒட்டியிருந்தால் அது உண்மையில் 570-தான். இன்னொன்று, 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேம் ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வசதி கார்டிலேயே இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது. 580-க்கு இனிமேல் கதவுகள் ஒவ்வொன்றாக மூடும்.

சரி, பிராசசர். ரைசன் 5 5600-ஆ, ஐ5 12400எஃப்-ஆ என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். இரண்டுமே 6 கோர், 12 த்ரெட், இரண்டுமே 2022-ல் வந்தவை, இரண்டின் டப்பாவிலும் கூலர் உண்டு, 6600 மாதிரி கார்டோடு சேர்த்து ஓட்டினால் கண்ணைக் கட்டிவிட்டு எது எது என்று உங்களால் சொல்ல முடியாது. அதனால் பிராசசர் விலையை மட்டும் பார்க்காமல் போர்டையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், எது குறைகிறதோ அதை எடுங்கள். 12400எஃப்-க்கான எச்610 போர்டு மலிவு, ஆனால் ராம் ஸ்லாட் இரண்டே இரண்டு, பின்னால் பெரிய பிராசசர் போடவும் அது லாயக்கில்லை. 5600-க்கான பி550 கொஞ்சம் விலை கூட, கார்டுக்கு பிசிஐஇ 4.0 (கார்டும் பிராசசரும் பேசிக்கொள்ளும் பாதை) கிடைக்கும். கூலர் இல்லாமல் கவரில் வரும் ட்ரே பீஸ் என்றால் வாரன்டி யார் கொடுப்பது என்று கேட்டுப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

உண்மையான வித்தியாசம் ஒரு படி கீழேதான். 5600-க்கும் 5500-க்கும் எண்ணில் நூறுதானே வித்தியாசம் என்று பேசி 5500-ஐத் தலையில் கட்டுவார்கள். கோர் எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரியான எல்3 கேஷ் 32 எம்பி-க்குப் பதில் 16 எம்பி, பிசிஐஇ 4.0-க்குப் பதில் 3.0. இதோடு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டைச் சேர்த்தால் கதை முடிந்தது, அந்தக் கார்டு நாலே லேன்களில் ஓடுவது, 3.0-இல் அதன் பாதையே பாதியாகிவிடும், 4 ஜிபி மெமரி நிறைந்ததும் படம் விட்டு விட்டு ஓடும். 6600-க்கு எட்டு லேன் இருப்பதால் 3.0-இலும் இழப்பு கொஞ்சம்தான். ஆகவே 5500 எடுத்தே தீருவேன் என்றால் 6500 எக்ஸ்டி பக்கம் மட்டும் போகாதீர்கள்.

கார்டுதான் முக்கியம் என்று சொன்னேனே, அதற்கு ஒரு விதிவிலக்கு வேலொரன்ட், கவுன்டர்ஸ்ட்ரைக் 2 மாதிரி ஆட்டங்கள். இவற்றில் நூற்றுக்கு மேல் எஃப்பிஎஸ் கேட்பவர்களுக்கு பிராசசர்தான் முட்டும், கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். வேலொரன்ட் தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்கிறவர் 12400எஃப்-உம் 6 ஜிபி 3050-உம் எடுத்தால் நான் தடுக்க மாட்டேன், காசு மிச்சம். (ஆனால் அந்த வார்த்தையை எத்தனை பேர் காப்பாற்றுகிறார்கள் என்று பார்க்கத்தான் போகிறோம்.)

ஏஎம்டியின் புது சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போய்விட்டால் பின்னால் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே என்பது நல்ல வாதம். 2027-க்கு அப்பாலும் அந்த சாக்கெட்டை விடமாட்டோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் அதில் டிடிஆர்5 என்ற புது வகை ராம் மட்டும்தான் பொருந்தும், 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதில் ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. மைக்ரான் நிறுவனம் குருஷல் என்ற தன் சில்லறை பிராண்டையே மூடப்போவதாக டிசம்பரில் அறிவித்தது. டிடிஆர்4-உம் ஏறித்தான் இருக்கிறது, இருந்தாலும் வீட்டில் பழைய டிடிஆர்4 ஸ்டிக் கிடந்தால் 5600 உட்காரும் ஏஎம்4 போர்டில் அது அப்படியே உட்காரும். அந்த ஒரு காரணத்துக்காகவே இப்போதைக்கு நான் பழைய பிளாட்ஃபார்ம் பக்கம்.

ராமில் 16 ஜிபி ஒரே ஸ்டிக்கா, 8 ஜிபி இரண்டா? இரண்டு. அசெம்பிள் செய்து கொடுத்ததும் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து எத்தனை ஸ்லாட் நிறைந்திருக்கிறது என்று கடையிலேயே பாருங்கள். கார்டு பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று 5600ஜி எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அதன் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் இந்த ராமைத்தான் பங்குபோட்டுக்கொள்ளும். ஆனால் 5600ஜி-யும் பிசிஐஇ 3.0, 16 எம்பி கேஷ் வகைதான் என்பதை மறக்காதீர்கள்.

எதுவுமே கட்டுப்படியாகவில்லை என்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அடுக்கி வைத்திருக்கும் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அங்கேதான் 6 ஜிபி 3050-க்கு வேலை: இந்தப் பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ் சிறியது, பலவற்றில் கார்டுக்குத் தனி ஒயரே வராது. ஒல்லி கேபினட்டாக இருந்தால் கார்டும் பாதி உயரத்தில் வருவதைத் தேட வேண்டும். இன்டெல் பிராசசரில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோதான் கேட்கும், விண்டோஸ் 11-இல் வேலொரன்ட் திறக்க டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும்.

எஸ்எஸ்டி-யைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, 500 ஜிபி-க்கு பதில் 1 டிபி என்விஎம்இ எடுங்கள், ஜென்3-ஆ ஜென்4-ஆ என்பதெல்லாம் கேமில் தெரியாது.

எஸ்எம்பிஎஸ்ஸில்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். கேபினட்டோடு இலவசமாக வருவதில் 450 வாட் என்று ஒட்டியிருக்கும், பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 20 ஆம்பியர் என்றால், பெருக்கிப் பார்த்தால் 240 வாட்தான். கார்டும் பிராசசரும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான். 80 பிளஸ் முத்திரையுள்ள நல்ல கம்பெனியின் 450 அல்லது 550 வாட் எடுத்தால் 6600-க்கும், பின்னால் மாற்றும் கார்டுக்கும் சேர்த்துப் போதும். 5600, 6600 ஜோடி ஆடும்போது 250 வாட் சுற்றி இழுக்கும், ஆகவே 360 வாட் தாங்கும் சாதாரண 600 விஏ யுபிஎஸ், கரன்ட் போனதும் சேவ் செய்து அணைக்கிற அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். மானிட்டரையும் ரவுட்டரையும் அதிலேயே மாட்டலாம், லேசர் பிரின்டரை மட்டும் மாட்டாதீர்கள்.