பட்டுப்போகும் மரத்துக்கு மைக்கோரைசா பொடி: வாங்கலாமா?

வேரோடு கூடி வாழ்ந்து, மண்ணின் சத்தை அதற்கு எடுத்துக் கொடுக்கும் பூசணத்தின் வித்துதான் மைக்கோரைசா பொடி. உச்சி காய்ந்து, கிளை நுனி கருகி நிற்கும் மரத்துக்கும் இது மருந்து என்று இந்தப் பொடியின் பொட்டலத்தில் எழுதியிருக்கிறது. காட்டோரத்தில் நாற்றங்காலையும் பெரிய மரங்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை என்பதால் இரண்டு இடத்திலும் போட்டுப் பார்த்தேன். நாற்றுக்கு வாங்கலாம், ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். நலிந்த பெரிய மரத்துக்கு வாங்க வேண்டாம்.

சூடேற்றிக் கிருமி நீக்கிய மண்கலவையில் பூசணம் எதுவும் மிச்சமிருக்காது. அங்கே விதைக்கு அடியில் ஒரு சிட்டிகை போட்டால், இறங்கும் வேர் நேராக அதைத் தொட்டுவிடும். சில வாரம் கழித்து ஒரு நாற்றைப் பிடுங்கி, சல்லிவேரைக் காரக் கரைசலில் வேகவைத்து வெளுக்க வைத்து, பேனா மை கலந்த வினிகரில் ஊறப்போட்டேன். நுண்ணோக்கியில் வேரின் செல்களுக்குள்ளேயே பூசணம் குட்டிப் புதர்போல் கிளைத்து, நீலமாகத் தெரிந்தது. பொடி போடாத பையில் வேர் வெறுமையாக இருந்தது. ஆனால் இன்னொரு வரிசைக்குப் பொடிக்குப் பதிலாக, அதே இனத்து நல்ல மரத்தடியிலிருந்து ஒரு பிடி மண் கலந்திருந்தேன். அதிலும் அதே நீலம், இன்னும் அடர்த்தியாக. மண் எடுக்கும் மரம் நோயில்லாததா என்று மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா மரக் காடுகளை அழித்துவரும் பைட்டாப்தோரா என்ற வேரழுகல் கிருமி, வண்டிச் சக்கரத்திலும் செருப்பிலும் ஒட்டிய மண்ணோடுதான் இடம்விட்டு இடம் போகிறது.

அடுத்து, லேபிளைப் படியுங்கள். நான் வாங்கியதில் இருந்தது ரைசோஃபேகஸ் இர்ரெகுலாரிஸ் என்ற ஒரே இனம். வேரின் உள்ளே புகுந்து வாழும் வகை இது. தேக்கு, வேம்பு போன்றவற்றுக்குச் சரி. பைன், ஓக், சால் மரங்களுக்கு வேர்நுனியை வெளியிலிருந்து உறைபோலப் போர்த்தும் வேறு பூசணங்கள்தான் வேண்டும். பைன் வேரில் அந்த நுனிகள் இரண்டாகக் கவைத்துக் குட்டையாக இருப்பது சாதாரண லென்ஸிலேயே தெரியும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘எல்லா மரங்களுக்கும்’ என்று விற்பது எனக்குக் கோபமூட்டுகிறது. பொட்டலத்தில் மணிச்சத்து உரமும் கலந்திருக்கிறார்கள். மண்ணில் மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் வேர் பூசணத்தைச் சேர்த்துக்கொள்வது குறைந்துவிடும். அப்புறம், செடி தளதளவென்று வந்தாலும் அது பூசணத்தாலா உரத்தாலா என்று யாரால் சொல்ல முடியும்?

சரி, பெரிய மரத்துக்கு வருவோம். வண்டிகள் ஓரம்கட்டும் இடத்தில் நின்ற ஒரு மரத்தின் நிழல் விழும் வட்டத்துக்குள் இந்தப் பொடியைக் கரைத்து ஊற்றினோம். அடுத்த பருவத்தில் தோண்டினால் மண்ணுக்குள் திருப்புளிகூட இறங்கவில்லை. சல்லிவேரை விரலால் உருவினால் மேல்தோல் கழன்று வந்து, நடுவில் நூல் மட்டும் நின்றது. அங்கே காற்றும் இல்லை, சருகும் இல்லை. பூசணத்துக்குச் சர்க்கரை கொடுப்பது மரம்தான். இலை உதிர்ந்து நிற்கும் மரத்திடம் கொடுக்க என்ன இருக்கும்? மரநோயியலாளர் பால் மேனியன் 1981-லேயே மரங்களின் நலிவை அடுக்கடுக்காக விளக்கினார்: இறுகிய மண் போன்ற நெடுநாள் குறை முதலில் மரத்தைப் பலவீனமாக்கும், வறட்சியோ இலை தின்னும் புழுவோ அதன்மேல் அடி போடும், வேரழுகல் பூசணமும் பட்டை வண்டும் கடைசியில் வந்து முடிக்கும். அமில மழை பெய்த காடுகளில் மண்ணின் கால்சியம் கரைந்து போய், அலுமினியம் விடுபட்டுச் சல்லிவேரைத் தாக்கியதும் உண்டு. இதில் எந்த அடுக்கைப் பொடி சரிசெய்யும்?

அந்த இடத்தில் வண்டிகளைத் தடுத்து, சருகை வாராமல் விட்டு, தூரைத் தொடாமல் மரச்சீவலை மூடாக்காகப் பரப்பினோம். அதற்குப் பிறகுதான் சருகுக்கடியில் வெள்ளை வேர்நுனிகளைப் பார்த்தேன். உச்சி இன்னும் துளிர்க்கவில்லை. துளிர்க்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

நாற்றுக்காக வாங்குகிறவர்கள் பூசண இனத்தின் பெயரும் காலாவதி தேதியும் அச்சிடாத பொட்டலத்தைத் தொடாதீர்கள். இதில் இருப்பது உயிருள்ள வித்து. கடையில் வெயிலில் அடுக்கி வைத்திருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.