கல்ச்சர் எடுத்துவிட்டு ஊசி போடும் மருத்துவமனை

திருநெல்வேலியில் அம்மாவைச் சேர்த்திருந்த தனியார் மருத்துவமனையைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. அங்கே பார்த்ததை நீங்கள் எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் இருந்தாலும் கேட்டு வாங்க முடியும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, பல வருடச் சர்க்கரை. உடம்பு தூக்கிப்போடும் குளிர்காய்ச்சலோடு கொண்டுபோனோம். சிறுநீர் போகும்போது எரிச்சல், பிரஷரும் இறங்கியிருந்தது. கேஷுவாலிட்டியில் இருந்த டூட்டி டாக்டர் சின்னப் பெண்தான். கிருமியை வளர்த்து, அது என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்கும் சோதனைதான் கல்ச்சர். அதற்கு ரத்தத்திலும் சிறுநீரிலும் மாதிரி எடுக்கச் சொல்லிவிட்டு, எடுத்த கையோடு மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக் ஊசியை ஆரம்பித்தார். "ஒரு டோஸ் உள்ள போயிட்டா அப்புறம் கல்ச்சர்ல கிருமி வளராமப் போயிடலாம், அதான்" என்றார். மாதிரி எடுக்கச் சில நிமிடங்களுக்கு மேல் ஆகவில்லை.

எனக்கு இது பெரிய விஷயம். இதற்கு முன் காட்டிக்கொண்டிருந்த கிளினிக்கில், எரிச்சல் என்று போனாலே செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். ஒரு தடவைகூட கல்ச்சர் கேட்டதில்லை. இங்கே ரிப்போர்ட் வந்தபோது ஈ.கோலை என்ற கிருமி என்று இருந்தது. செஃபிக்ஸிம், செஃப்ட்ரையாக்சோன், சிப்ரோஃப்ளாக்சசின் மூன்றுக்கும் நேராக 'ஆர்' போட்டிருந்தது. அந்த மருந்துகள் இனி அந்தக் கிருமியிடம் செல்லாது.

ரிப்போர்ட் வந்த பிறகு நடந்ததற்காகவே இந்த மருத்துவமனைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "கோ-டிரைமாக்சசோலுக்குக் கேக்குதும்மா. காய்ச்சலும் விட்டுடுச்சு. மெரோபெனம் போதும், இனி மாத்திரை" என்றார். கோ-டிரைமாக்சசோல் சல்ஃபா சேர்ந்த ஆன்டிபயாட்டிக், அது அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார், ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது) பொட்டாசியமும் பார்த்தார், மாற்றிவிட்டார். ஒரு மாத்திரை சில ரூபாய்தான். சென்னையிலிருந்து தம்பி போனில், "காசு கட்டுறோம்ல அக்கா, பெரிய மருந்தையே போடச் சொல்லு" என்று சத்தம் போட்டான். டாக்டர் போனை வாங்கி அவனிடம் பொறுமையாகப் பேசினார். மெரோபெனம் வயிற்றில் இருக்கும் நல்ல கிருமிகளையும் சேர்த்து அழிக்கும். அதற்கும் சாகாமல் தப்பிப்பவை அம்மாவின் குடலிலேயே பெருகும். அடுத்த முறை காய்ச்சல் வருவது அவற்றால் என்றால் கையில் மிஞ்சுவது கொலிஸ்டின் மாதிரி ஓரிரண்டு மருந்துதான், அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். தம்பி அதற்கப்புறம் வாதாடவில்லை.

அவர் சொன்னது மிகையில்லை. மெரோபெனத்தையே சிதைக்கும், கிருமிகள் உண்டாக்கும் என்டிஎம்-1 என்ற நொதி 2009-ல் உலகுக்குத் தெரியவந்தபோது, அதன் பெயரிலேயே புதுடெல்லி இருந்தது ('என்டி' என்றால் நியூ டெல்லி). டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு ஸ்வீடன்காரரிடம் கண்டுபிடித்தார்கள். 2012-ல் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் கூடி, ஆன்டிபயாட்டிக்கைக் கட்டுப்படுத்தச் சொல்லி வெளியிட்ட பிரகடனத்துக்குச் சென்னைப் பிரகடனம் என்றே பெயர். உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்றாகப் பிரித்திருக்கிறது. கோ-டிரைமாக்சசோல் தேவைப்படும்போது முதலில் தரக்கூடிய முதல் வகை, மெரோபெனம் கவனித்துத் தர வேண்டிய இரண்டாம் வகை, கொலிஸ்டின் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்த மூன்றாம் வகை. அம்மா இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கி வந்தாள். விலை குறைந்த மருந்துக்கு மாற்றினால் வைத்தியத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று நினைக்கிற வீடுகள் நிறைய. தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள்.

சிறுநீர் வடிய அம்மாவுக்குப் போட்டிருந்த குழாய் விஷயத்திலும் இதே கவனம்தான். போட்ட தேதியை எழுதி ஒட்டியிருந்தார்கள், அம்மா எழுந்து நடக்க ஆரம்பித்ததும் எடுத்துவிட்டார்கள். குழாய் இருக்கும்வரை அதன் வழியே புதுக் கிருமி ஏற வாய்ப்பு உண்டு என்று சிஸ்டர் சொன்னார். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் கை தேய்க்கும் திரவம் இருந்தது. சிஸ்டர்கள் தவறாமல் தேய்த்துக்கொண்டார்கள். சுத்தம் செய்ய வருகிறவர்களுக்கு அதே பழக்கத்தை யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. கட்டிலுக்குக் கட்டில் தொட்டுக்கொண்டு போனார்கள். இதைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும்.

அறை, கேன்டீன், பில்லிங் எல்லாம் சுமார். லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

பெரிய குறை கீழ்த்தளத்து மருந்துக்கடை. நான் வரிசையில் நிற்கும்போதே, முன்னால் நின்றவர் தொண்டை வலி என்று சொல்லி செஃபிக்ஸிம் கேட்டார். சீட்டு இல்லை, கத்தரித்து நாலு மாத்திரை கொடுத்தார்கள். 2014 மார்ச்சிலிருந்து அது ஹெச்1 பட்டியலில் இருக்கிற மருந்து. டாக்டர் சீட்டு வேண்டும், நோயாளி பெயரோடு தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். மாடியில் டாக்டர்கள் இவ்வளவு பாடுபடும்போது, அதே கட்டடத்தில் இப்படி விற்பது எனக்குப் பொறுக்கவில்லை. பின்னூட்டப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. மருந்துக்கடைக்கு ஐந்துக்கு ஒன்று, மருத்துவர்களுக்கு ஐந்துக்கு ஐந்து.

இங்கே சேர்கிறவர்களுக்கு ஒரு தகவல்: டிஸ்சார்ஜ் ஃபைலில் கல்ச்சர் ரிப்போர்ட்டை வைப்பதில்லை. கேட்டால் நகல் தருகிறார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார், கேட்காவிட்டாலும் நீங்களே காட்டுங்கள்.