கார்பெட் புல், கத்திரி வெயில், கோரை: மூன்று வருஷக் கணக்கு

மச்சினன் திருப்பத்தூரில் வீடு கட்டி முடிக்கப் போகிறான். வருகிற சித்திரையில் கிரகப்பிரவேசம். போன வாரம் போன் போட்டு, "மாமா, உங்க வீட்டு முன்னாடி மாதிரியே கார்பெட் புல்லு போட்டுரலாமா? ஃபங்ஷனுக்குப் பச்சைப்பசேல்னு இருக்கும்ல?" என்றான். "இரு, எழுதி அனுப்புறேன்" என்று வைத்துவிட்டேன். போனில் பேசினால் கோபம்தான் வரும். எழுதினாலும் வரும் போலிருக்கிறது.

2022 சித்திரையில் நானும் இதே ஆசையில்தான் போட்டேன். காட்பாடிப் பக்கம் வீடு, முன்பக்கம் 400 சதுர அடி. நர்சரிக்காரர் அப்போதே, "ஆடிக்கு வாங்க சார், இந்த வெயில்ல உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. கொரியன், மெக்சிகன், பெர்முடா மூன்றையும் காட்டினார். நாள் முழுக்க வெயில் விழும் இடம், போர் தண்ணீரும் கொஞ்சம் உப்பு, அதனால் பெர்முடா எடுத்தேன். நான் செய்ததில் சரியாக அமைந்தது அது ஒன்றுதான்.

பாய் மாதிரி வெட்டிய புல் துண்டுகளோடு லாரி ராத்திரி வந்தது. மேஸ்திரி மண்ணை மட்டம் அடித்து முடிக்கவில்லை. துண்டுகளை அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டுவிட்டுத் தூங்கப் போனோம். மறுநாள் மத்தியானம் அடுக்கின் நடுவில் கையை விட்டால், ஈரத்தோடு போட்ட வைக்கோல் போருக்குள் விட்ட மாதிரி சூடு. உயிருள்ள பொருள் அல்லவா, அடுக்கி மூடி வைத்தால் தன் சூட்டிலேயே வேகிறது. நடுவில் இருந்த முப்பது துண்டுகள் வெளிறி மஞ்சளாகிவிட்டன. அதில் பாதி பிழைக்கவில்லை. மண் மட்டமாகி, நனைந்து, ஆட்கள் வந்து நின்ற பிறகுதான் லாரியே தெருவுக்குள் நுழைய வேண்டும்.

விரிப்பதில் பெரிய வித்தை இல்லை. செங்கல் கட்டுவது போல் ஜாயிண்டை மாற்றி மாற்றி வைத்து, நெருக்கி, உருளை ஓட்டி, அரை மணிக்குள் தண்ணீர் விட வேண்டும். ஒன்று மட்டும்: சிமெண்டுப் பாதை ஓரத்தில் முழுத் துண்டாக வைக்கச் சொல். எங்கள் ஆட்கள் நடுவில் முழுசாகப் போட்டுவிட்டு, ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு வெட்டிச் செருகினார்கள். சிமெண்டின் அனல் பட்டு, அந்தச் சிலும்புகள்தான் முதலில் செத்தன.

இனி என் சண்டைக்கு வருகிறேன். ஜாயிண்ட்.

நர்சரித் துண்டின் அடியில் ஓர் அங்குலம் பிசுபிசுப்பான செம்மண் ஒட்டி வரும். காய்ந்தால் அது சுருங்கும். போட்ட நாலாவது நாள் காலையில் கதவைத் திறக்கிறேன், எல்லா ஜாயிண்டும் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருக்கிறது. ஓரங்கள் பழுப்பு. கட்டம் போட்ட லுங்கியைக் காயப்போட்ட மாதிரி இருந்தது. இதற்கு மேல் விசேஷத்துக்கு 150 பேர் வந்தார்கள். பந்தல்காரர் சரியாக ஜாயிண்டாகப் பார்த்துக் கம்பு அடித்தார், அதுதான் இளக்கமாக இருந்ததாம். வந்தவர்களில் இரண்டு பேர் "லான் சூப்பர்" என்றார்கள். பந்தல் நிழலில் நின்று பார்த்திருப்பார்கள்.

விரித்த அன்றைக்கே மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து ஜாயிண்டில் தூவி, விளக்குமாற்றால் தள்ளி நிரப்பியிருக்க வேண்டும். நான் பத்தாம் நாள்தான் செய்தேன்.

தண்ணீர் விஷயம். எல்லோரும் ஒரு பாட்டம் வந்து, "மத்தியானம் ஊத்தாதீங்க, வெந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். புதுப் புல்லுக்கு அது பொருந்தாது. வேர் அடிமண்ணில் இறங்கும்வரை அதற்கு இருப்பு அந்த ஓர் அங்குல மண்தான். காலையில் நிறைய ஊற்றினாலும் இரண்டு மணிக்கு அது வறட்டியாகிவிடும். மே 4-ல் கத்திரி தொடங்கியதும், காலை ஆறு, பதினொன்று, இரண்டு, நாலரை என்று நாலு வேளை விட்டேன். 400 சதுர அடி என்பது 37 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்க 37 லிட்டர் வேண்டும். என் ஹோஸில் 15 லிட்டர் வாளி 50 நொடியில் நிறையும். வேளைக்கு ஐந்தரை நிமிஷம், நூறு லிட்டர். நாளைக்கு நானூறு. ராத்திரியில் விடாதே, விடியவிடிய ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும்.

ஆனால் "வெந்துரும்" என்ற பேச்சிலும் ஒரு நியாயம் இருந்தது. முதல் நாள் இரண்டு மணிக்கு மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டித் தண்ணீரைத் திறந்து, கையில் பட்டதும் உதறினேன். குளிக்க விளாவ வேண்டிய சூடு. வெயிலில் கிடந்த ஹோஸுக்குள் இருந்தது அதற்கும் மேல். புல் மேல் விழும் துளி பூதக்கண்ணாடி மாதிரி சுடும் என்பதெல்லாம் கதை. இந்தத் தண்ணீர் சுடும் என்பது நிஜம். அப்புறம் போரிலிருந்து நேராக ஒரு குழாய் இழுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் ஒரு மூலையைத் தூக்கினேன். வரவில்லை. விளிம்பை விலக்கிப் பார்த்தால், அடிமண்ணுக்குள் நகத்தளவு வெள்ளை வேர்கள். அன்றைக்கு அடைந்த சந்தோஷம் வீட்டுக்குச் சாவி வாங்கியபோதுகூட இல்லை, உன் அக்காவிடம் சொல்லிவிடாதே. அதிலிருந்து வேளையைக் குறைத்து அளவைக் கூட்டினேன். ஒரு மாதத்தில் காலை ஒரு வேளை, பிறகு ஒன்று விட்ட ஒரு நாள் ஆழமாக. தாகம் எடுத்தால் புல்லே சொல்லும்: இலை நீலம் பாய்ந்த சாம்பல் நிறமாகும், நடந்தால் கால்தடம் எழும்பாமல் அப்படியே படுத்துக் கிடக்கும்.

ஆறு வாரத்தில் ஓடுதண்டு பாய்ந்து ஜாயிண்டை மூடியது. பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன்.

ஜூன் கடைசியில் ஒரு காலை. மூடிய ஜாயிண்ட் ஒவ்வொன்றிலும், நோட்டில் கோடு கிழித்த மாதிரி, வெளிர்பச்சையாகக் கோரை. துண்டுக்குள் ஒன்றிரண்டு, ஜாயிண்டில் வரிசை வரிசை. பிடித்து விரலில் உருட்டினால் மூன்று பட்டை தட்டும் அந்தத் தண்டு. மட்டம் அடிக்க மேஸ்திரி கொட்டிய இரண்டு லோடு வயல்மண்ணில் வந்த கிழங்கு. நாலு வேளை தண்ணீர், சந்தில் வெளிச்சம், இனி அதற்கு என்ன வேண்டும்? பிடுங்கினால் தண்டு மட்டும் கையோடு வரும். கீழே கம்பி மாதிரி வேரில், மணி கோத்தது போல் கிழங்கு அடுத்தடுத்து இருக்கும். ஒன்றை எடுத்தால் மற்றது விழித்துக்கொள்ளும். புல்லை வெட்டி இரண்டே நாளில் கோரை மட்டும் தலை தூக்கி நிற்கும். கரும்புக்கு அடிக்கும் களைக்கொல்லி, ஹாலோசல்பியூரான் மீதைல், இரண்டு முறை அடித்தேன். மெதுவாக மஞ்சளாகி அடங்கியது. அடுத்த வருஷம் கொஞ்சம் குறைவாக வந்தது, அவ்வளவுதான். மூன்று வருஷமாக சாயங்காலம் என் கையில் காபியும் ஸ்க்ரூ டிரைவரும். தோண்டி எடுக்கும்போது கிழங்கில் ஒரு வாசனை வரும். "காயவைங்க, நலங்கு மாவுல போடலாம்" என்கிறாள் உன் அக்கா. ஒரு டப்பா சேர்ந்துவிட்டது.

ஊரில் அப்பா கோடை உழவு ஓட்டி மண்ணைப் புரட்டிப் போடுவார். கிழங்கு வெளியே வந்து வெயிலில் சுக்காகிச் சாகும். "சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்பார். அந்த வெயிலைத்தான் நான் நானூறு லிட்டர் ஊற்றித் தணித்துக்கொண்டிருந்தேன். கொத்திப் போட்டுக் காயவிட வேண்டிய மாதத்தில் அதன் மேல் பாய் விரித்திருக்கிறேன்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது விடிகாலையில் வெறுங்காலோடு அதில் நடப்பது பெரிய சுகம். முன்னறைக்குள் வரும் அனல் குறைந்திருக்கிறது. தூசி இல்லை. பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் காய்ந்து கிடக்கும், இரண்டு தண்ணீரில் திரும்பிவிடும்.

முதல் வருஷ ஆவணியில் அம்மா வந்தபோது படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். வெட்டாமல் விட்ட ஓரத்தில் விரல் விரித்தது போல் கதிர் வந்திருந்தது. ஒன்றைக் கிள்ளி, கணுவைப் பார்த்துவிட்டு, "இது அருகம்புல்லுடா. காசு குடுத்தா வாங்கின?" என்றார். பெர்முடா என்றேன். அப்புறம் தேடிப் பார்த்தேன், அம்மா சொன்னதுதான். இரண்டுக்கும் தாவரவியல் பெயர் சைனோடான் டாக்டைலான். அந்தப் புல்லுக்குப் பெர்முடா தீவு பூர்வீகமும் இல்லை. கல்யாணத்தில் "அருகுபோல் வேரூன்றி" என்று வாழ்த்துகிறோமே, அதைத்தான் சதுர அடிக் கணக்கில் லாரியில் இறக்கினேன். சங்கடஹர சதுர்த்திக்கு எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு இங்கிருந்துதான் போகிறது. மருந்து அடித்த மாதங்களில் கொடுப்பதில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். போடாதே. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்காதே, இன்று காலையில் மட்டும் பதினேழு கோரை எடுத்திருக்கிறேன். விசேஷத்துக்குப் பச்சைக் கம்பளம் வாடகைக்குக் கிடைக்கும், விரித்துக்கொள். சித்திரை, வைகாசி முழுக்கத் தரையைக் கொத்திப் போட்டு வை. ஆனியில் மழை விழுந்ததும் முளைக்கிற கோரையைக் கிழங்கோடு தோண்டு. அப்படியும் ஆசை போகவில்லை என்றால் ஆடியில் வா. கார்பெட்டே வேண்டாம், ஓடுதண்டு வெட்டித் தருகிறேன், அரையடிக்கு ஒன்று நட்டால் இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும், ஜாயிண்டும் கிடையாது. இரண்டு கோணி எடுத்து வா. ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு கொத்தையும் மண் போக அலசிப் பார்த்துக்கொள், என் கோரை உன் வீட்டுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.