வெளுத்த எலுமிச்சைத் தளிருக்கு இரும்பு பவுடர்: எது வாங்கலாம்?

சென்னை மாடித்தோட்டங்களில் எலுமிச்சைத் தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக்கோடாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் வேருக்குக் கிடைக்காது. உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர் தண்ணீரை ஊற்ற ஊற்ற மண் காரமாகிவிடுவதுதான் காரணம். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

உரக்கடையில் மூன்று வகை கிடைக்கும். அன்னபேதி (இரும்பு சல்பேட்) மலிவு, ஆனால் கார மண்ணில் போட்ட வேகத்தில் துருவாகிவிடும். அடுத்தது இ.டி.டி.ஏ. (EDTA), இரும்பைப் பிடித்து வைத்துக் கரைசலிலேயே நிறுத்தும் பொருள். இரும்பு 12% என்று பாக்கெட்டில் பெரிதாக இருக்கும். மண்ணின் பி.எச். (புளிப்பா காரமா என்று காட்டும் எண், கூடக்கூடக் காரம்) 6.5-ஐத் தாண்டினால் பிடி தளர்ந்து இரும்பை விட்டுவிடும், அதனால் இலைத்தெளிப்புக்கு மட்டும் சரி. மூன்றாவது இ.டி.டி.எச்.ஏ. (EDDHA), இதில் இரும்பு 6% தான், விலையும் அதிகம். ஆனாலும் பி.எச். 9 வரை தாங்கும். நம் ஊர்த் தண்ணீருக்கு இதைத்தான் வாங்க வேண்டும். பாக்கெட்டில் ‘ஆர்த்தோ-ஆர்த்தோ’ (ortho-ortho, உறுதியான பிடியில் உள்ள இரும்பு) அளவு 4.8% என்றிருந்தால் நல்ல சரக்கு. லேபிள் இல்லாத கவரில் பிரித்துக் கட்டித் தருவதை வாங்காதீர்கள்.

15 அங்குலச் செடிப் பைக்கு இ.டி.டி.எச்.ஏ. 3 கிராம், 2 லிட்டர் தண்ணீரில். கரைத்ததும் பீட்ரூட் சாறு போலச் சிவக்கும். மண்ணை முதலில் ஈரமாக்கி, வெயில் தாழ்ந்தபின் வேரைச் சுற்றி ஊற்றுங்கள். வெளிச்சம் பட்டால் சிதையும் பொருள், இலையில் தெளித்தால் வீண். டைல்ஸில் சிந்தினால் கறை போகாது. 15 நாள் கழித்து இன்னொரு முறை. அடுத்து வரும் தளிர் பச்சையாக வந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். முற்றிய மஞ்சள் இலை முழுசாகத் தேறாது, அதைப் பார்த்து அளவைக் கூட்டாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊற்றினால் அத்தனையும் வடிந்து போய்விடும். அந்த மாதங்களில் வரும் மஞ்சளுக்குப் பெரும்பாலும் தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறுவதுதான் காரணம். விரலை மண்ணில் விட்டு முகர்ந்து பாருங்கள். அழுகல் வாடை வந்தால் பவுடர் வேண்டாம், அடைபட்ட வடிகால் ஓட்டையைக் குத்தித் திறங்கள்.

இலை சிறுத்து, கூராகி, திட்டுத்திட்டாக வெளுத்தால் அது துத்தநாகக் குறை, இந்தப் பவுடர் கேட்காது. லிட்டருக்கு துத்தநாக சல்பேட் 5 கிராம், நீர்த்த சுண்ணாம்பு 2.5 கிராம் கலந்து, வடிகட்டி, தளிரில் தெளியுங்கள். அடி இலை மட்டும் மஞ்சளானால் இரண்டுமே தேவையில்லை: அது தழைச்சத்துக் குறையாகவோ மக்னீசியக் குறையாகவோ இருக்கும்.