ரவுண்டா, ஃப்ளாட்டா? பேஸ் கிட்டார் கம்பிகள்

பேஸ் கம்பி வாங்கப் போனால் எந்த நிறுவனம் என்றுதான் முதலில் பேச்சு தொடங்குகிறது. என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. ஒரே நிறுவனம் செய்யும் இரண்டு வகைக் கம்பிகள் அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்ல முடியாதபடி ஒலிக்கும். இரண்டு நிறுவனங்களின் ஒரே வகைக் கம்பிகளை மாற்றி மாட்டினால் பக்கத்தில் நிற்கும் டிரம்மருக்கே தெரியாது. வகையைத் தீர்மானிப்பது நடுவில் ஓடும் எஃகின்மேல் சுற்றியிருக்கும் உறை.

உருண்டைக் கம்பியால் சுற்றியது ரவுண்ட்வவுண்ட். பட்டையான நாடாவால் சுற்றியது ஃப்ளாட்வவுண்ட். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாலே போதும்: முன்னது அரம் போலச் சொரசொரக்கும், பின்னது வழுக்கும். விரலை இழுத்து ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ரவுண்டில் எழும் 'கீச்' ஒலி ஃப்ளாட்டில் அநேகமாக இருக்காது.

ஃபெண்டர் நிறுவனம் 1951இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது அதில் பூட்டப்பட்டது ஃப்ளாட்தான். அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கடைசிவரை அதை விடவில்லை. லா பெல்லா நிறுவனத்தின் தடித்த கம்பிகள், வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும், அறுந்தால் ஒழியக் கம்பியை மாற்றுவதில்லை என்ற பிடிவாதம். அந்தக் கும்மென்ற ஒலி அப்படி விளைந்தது. மறுகரையில் த ஹூ என்ற ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசில். பியானோவின் அடிக்கட்டைகளைப் போல அதிர்ந்து மின்னும் ஒலி அவருக்கு வேண்டியிருந்தது. 1960களின் நடுவில் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து அவர் உருவாக்கிக்கொண்டது ரவுண்ட் கம்பி. ராக் இசையின் பேஸ் அதன்பின் அந்தத் திசையிலேயே போனது. கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் ஸ்லாப் முறைக்கும் ரவுண்டே பொருந்தும்.

இதை வைத்து ஃப்ளாட் என்றால் மென்மையான பழைய பாட்டுக்கு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் குதிரைப் பாய்ச்சலில் வாசிப்பதும் ஃப்ளாட்டில்தான்.

உண்மையான வித்தியாசத்தைக் காலம்தான் காட்டுகிறது. ரவுண்ட் கம்பியின் பள்ளங்களில் வியர்வையும் தோல் துகளும் போய் அடைகின்றன. அடிப்படை ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலித்து அதற்கு மினுமினுப்புத் தரும் மேல்சுரங்கள் மங்கி, கம்பி 'செத்து' விடுகிறது. கடற்கரை ஊரில், மின்விசிறி எட்டாத மேடையில், மே மாதக் கச்சேரி வாசித்திருந்தால் சில வாரங்களே அதற்குப் போதும் என்று தெரிந்திருக்கும். கழற்றிக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டெடுத்து, ஈரமில்லாமல் துடைத்து மாட்டினால் கொஞ்ச நாள் உயிர் திரும்பும். (ரசம் வைக்கும் பாத்திரத்தில் செய்யாதீர்கள். வீட்டில் அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த வரவேற்பை இங்கே எழுத முடியாது.) ஃப்ளாட்டோ முதல் சில வாரம் சற்றுக் கூசும் ஒலியோடு இருந்துவிட்டு, பிறகு கனிந்து, ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். வாங்கும்போது விலை கூடுதல்தான். மாதக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதுவே மலிவு.

ஃப்ளாட் தோற்கும் இடம் ஒன்று உண்டு, அது சிறியதல்ல. பேஸின் அடிக்கம்பி எழுப்பும் 'ஈ' (E) ஸ்வரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். செல்பேசியின் ஒலிபெருக்கியால் அதை எழுப்பவே முடியாது. மேல்சுரங்களை வைத்துத்தான் அங்கே நம் காது பேஸைக் கண்டுபிடிக்கிறது. ஃப்ளாட்டில் அவை குறைவு. ஆகவே செல்பேசியில் கேட்கப்போகும் பதிவு என்றால் ரவுண்ட் தப்பித்துக்கொள்ளும், ஃப்ளாட் காணாமல் போகும்.

ரவுண்ட் என்று முடிவு செய்தால் உலோகத்தையும் பார்க்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூர்மையாக ஒலிக்கும், ஃப்ரெட்டுகளையும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) வேகமாகத் தேய்க்கும். நிக்கல் பூசிய எஃகு இரண்டிலும் நிதானம். முதல்முறை வாங்குபவருக்கு நான் சொல்வது அதைத்தான். ஃப்ரெட் இல்லாத பேஸில் ரவுண்ட் மாட்டினால் மரம் அறுபடும். ஜாஸ் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் அதற்காகவே விரல்பலகைமேல் எபாக்ஸி என்ற கெட்டிப் பிசினைப் பூசிக்கொண்டார். அந்த வேலைக்குத் துணியாதவர்களுக்கு ஃப்ளாட் அல்லது நைலான் நாடா சுற்றிய கம்பி.

தடிமனில் 45–105 தொகுதி (மெல்லிய கம்பியும் தடித்த கம்பியும், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) பொதுவானது. ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது இழுவிசை மாறும், கழுத்து வளையும். கழுத்துக்குள் ஓடி அந்த வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் என்ற தண்டைத் திருகிச் சரிசெய்யாமல் கம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஃப்ளாட் பெரும்பாலும் இறுக்கமாகவே நிற்கும், விரல் பழக ஒரு வாரம் கொடுங்கள். கம்பியின் நீளம் உங்கள் பேஸின் அளவுக்கு ஏற்றதா, 34 அங்குலமா 30 அங்குலமா என்பதை பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பிரித்ததைக் கடையில் திரும்ப வாங்க மாட்டார்கள்.

என் பேஸில் ஃப்ளாட் ஏறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஸ்லாப் வேண்டும் என்று யாராவது கேட்டால் நண்பனுடைய பேஸை இரவல் வாங்கிக்கொள்கிறேன்.