சேஃப் மோடு, ரீஸ்டோர், ரீசெட், ஃபார்மேட்: எழாத விண்டோஸுக்கு எது?

லோகோவோடு உறைந்து நிற்கும் கணினிக்கும், நீலத் திரை காட்டித் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும் கணினிக்கும் பெரும்பாலும் கிடைப்பது ஒரே தீர்ப்பு: "ஃபார்மேட் அடிச்சுடலாம்." அது கடைசியாக வரவேண்டியது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அதற்கு முன்னால் மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் சரிசெய்யும் கோளாறு வேறு, பறித்துக்கொள்வதும் வேறு.

மூன்றுக்கும் வாசல் ஒன்றுதான். லோகோ தெரிந்ததும் பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் ரிக்கவரி திரை தானே வரும். அங்கே டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க சாவியைக் கேட்டால் திகைக்க வேண்டாம். பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையும்போதே டிஸ்க் பூட்டப்பட்டுவிடும். சாவி அந்தக் கணக்கிலேயே இருக்கும், போனில் திறந்து பார்த்துக்கொள்ளலாம். சாவி எங்குமே கிடைக்காவிட்டால் டிஸ்க்கில் உள்ள ஃபைல்களை மறந்துவிட வேண்டியதுதான்.

சேஃப் மோடை முதலில் முயலச் சொல்வதற்குக் காரணம், அது எதையும் அழிக்காது என்பது மட்டுமில்லை; நோய் எங்கே என்று காட்டிக்கொடுக்கும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4 அழுத்துங்கள். மிக அடிப்படையான டிரைவர்களோடு (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்கள்) மட்டும் விண்டோஸ் எழும். அப்படி எழுந்து நிலையாக ஓடினால் ரேமும் டிஸ்க்கும் பெரும்பாலும் நலம். குற்றவாளி ஒரு டிரைவரோ ஆன்டிவைரஸோதான். டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் டிரைவரை முந்தைய பதிப்புக்கு ரோல்பேக் செய்யலாம், அந்த பட்டன் மங்கியிருந்தால் அன்இன்ஸ்டால் செய்யலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன. அவற்றை எழுப்பச் சொல்லப்பட்ட வழி, சேஃப் மோடிலோ ரிக்கவரி திரையிலோ நுழைந்து ஒரு ஃபைலை நீக்குவது. பெரும்பாலும் ஃபார்மேட் செய்யத் தேவை இருக்கவில்லை.

சிஸ்டம் ரீஸ்டோர், நேற்றுவரை நன்றாக இருந்து இன்று புது மென்பொருள் போட்டபின் படுத்துவிட்ட கணினிக்கு ஏற்றது. முன்பு பதிவான ஒரு தேதியின் நிலைக்கு (ரீஸ்டோர் பாயின்ட்) விண்டோஸைத் திருப்பும், சொந்த ஃபைல்களைத் தொடாது. அந்தத் தேதிக்குப் பின் போட்ட மென்பொருளும் டிரைவரும் மட்டும் போகும். சிக்கல் என்னவென்றால், பல கணினிகளில் இந்த வசதி அணைத்தே கிடக்கிறது, அதனால் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்றுகூட இருக்காது. விண்டோஸ் அப்டேட்தான் காரணம் என்று தெரிந்தால் ரீஸ்டோரைவிட அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் உள்ள அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் நேரடியானது. பெரிய ஃபீச்சர் அப்டேட்டை நீக்க வழக்கமாக 10 நாள்தான் அவகாசம்.

விண்டோஸை மறுபடி போடும் ரீசெட்டில் "கீப் மை ஃபைல்ஸ்" என்ற வார்த்தையை நம்பி பேக்கப் எடுக்காமல் இருப்பதுதான் ஆபத்து. அது காப்பது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் போன்ற உங்கள் ஃபோல்டர்களை. நீங்கள் போட்ட மென்பொருள் அத்தனையும், புரோகிராம் ஃபைல்ஸுக்குள் அவை வைத்திருந்த டேட்டாவும் போய்விடும். தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் தனியாகப் போட்ட எழுத்துருக்களும் அதில் அடக்கம்; பாமினியில் அடித்த பழைய கோப்புகள் எழுத்துருவை மீண்டும் போடும்வரை ஆங்கில எழுத்துக் குழப்பமாகத்தான் தெரியும். ரீசெட் இரண்டு வழி கேட்கும்: லோக்கல் ரீஇன்ஸ்டால் கணினியில் இருக்கும் அதே சிஸ்டம் ஃபைல்களிலிருந்து கட்டுகிறது, அவை கெட்டிருந்தால் பாதியில் நிற்கும். கிளவுட் டவுன்லோடு புதிதாக இறக்கும். 4 ஜிபிக்கு மேல் ஆகலாம், தினசரி 2 ஜிபி போன் ஹாட்ஸ்பாட் தாங்காது. எப்படியும் எல்லா மென்பொருளையும் திரும்பப் போட வேண்டும் என்றால், பேக்கப் எடுத்துவிட்டு ஃபார்மேட் செய்வதே சுத்தம்.

எழாத கணினியில் பேக்கப் எடுக்க எளிய வழி உண்டு. ரிக்கவரி திரையில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ஃபைல், ஓப்பன் கொடுத்து, கீழே ஆல் ஃபைல்ஸ் தேர்ந்தால் அந்தச் சிறு ஜன்னலிலேயே ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து பென்டிரைவில் பேஸ்ட் செய்யலாம். அங்கே சி டிரைவ் வேறு எழுத்தில் தெரியலாம், உள்ளே பார்த்து உறுதி செய்யுங்கள். ஹார்டு டிஸ்க்கில் டிக் டிக் சத்தம் வந்தால் முக்கியமான ஃபைல்களை மட்டும் முதலில் எடுங்கள்; டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டாதீர்கள். டிஸ்க்கை நெடுநேரம் படிக்கவைக்கும் அந்தச் சோதனையே அதை முடித்துவிடலாம்.

நான்கு வழியும் தேவைப்படாத ஒரு நிலை: கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருக்கிறது, கூடவே "இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்" என்ற பிழை. மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்து பயாஸ் அமைப்பு அழிந்திருக்கலாம். பேட்டரியை மாற்றி, பயாஸில் ஸ்டோரேஜ் மோடை (டிஸ்க்கைக் கையாளும் முறை) முன்பிருந்தபடி வைத்தால் விண்டோஸ் எழுந்துவிடும்.

ஃபார்மேட்டுக்கு 8 ஜிபி பென்டிரைவும் வேறொரு கணினியில் இறக்கிய மீடியா கிரியேஷன் டூலும் போதும். பென்டிரைவில் இருப்பது அழியும். பூட் மெனுவுக்கு டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9. முன்பிருந்த எடிஷனையே (ஹோம் அல்லது புரோ) தேர்ந்தால் லைசென்ஸ் பொதுவாகத் தானாக வந்துவிடும், கீ கேட்கும் திரையைத் தாண்டிப் போகலாம். 11ஆம் தலைமுறை இன்டெல் முதல் வந்த லேப்டாப்களில் டிஸ்க் பட்டியலே காலியாக வருவதுண்டு. டிஸ்க் போய்விட்டது என்று புதியது வாங்கிவிடாதீர்கள். தயாரிப்பாளர் தளத்திலுள்ள இன்டெல் ஆர்எஸ்டி என்ற ஸ்டோரேஜ் டிரைவரை விரித்து (எக்ஸ்ட்ராக்ட் செய்து) பென்டிரைவில் போட்டு லோட் டிரைவர் கொடுத்தால் தெரியும்.