ஓஎல்எக்ஸா, ஃபேஸ்புக்கா, அப்பார்ட்மென்ட் குரூப்பா? பெங்களூரில் பழைய பொருளை எங்கே விற்கலாம், எங்கே வாங்கலாம்

பெங்களூரில் வாடகை வீட்டில் இருக்கும் தமிழர்களுக்குப் பழைய பொருள் சந்தை இல்லாமல் காரியம் நடக்காது. வேலை கிடைத்து சேலத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்து இறங்குபவர், பிடிஎம் லேஅவுட்டில் ரூம் எடுத்ததும் ஒரு கட்டிலும் மேசையும் தேடுகிறார். கல்யாணமானதும் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின். சில வருடம் கழித்து வேலை சென்னைக்கு மாறினால், சேர்த்த அத்தனையையும் மாதக் கடைசிக்குள் கைமாற்றிவிட்டுச் சாவியை ஓனரிடம் கொடுக்க வேண்டும்.

எங்கே போட்டால் நல்ல விலை வரும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். விலை முக்கியம்தான். ஆனால் ஏதாவது தப்பாகப் போனால் நஷ்டம் யார் தலையில் விழும் என்பதை நான் அதற்கு முன்னால் பார்ப்பேன். ஓஎல்எக்ஸிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் விற்பவரும் வாங்குபவரும் பேசிக்கொள்ள இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். பணம் அவற்றின் வழியாகப் போவதில்லை. அதனால் ஏமாந்த பிறகு அவர்களிடம் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்க வழியில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லாவற்றையும் எடைபோட வேண்டும்.

ஓஎல்எக்ஸ்: கூட்டம் அதிகம், விற்பவர் உஷாராக இருக்க வேண்டும்

ஓஎல்எக்ஸின் இந்திய வியாபாரத்தை 2023இல் கார்ட்ரேட் நிறுவனம் வாங்கியது. பெயர் மாறவில்லை, வாங்க வருபவர்களின் கூட்டமும் அங்கேயே இருக்கிறது. அதன் பெரிய பலம் இந்த வீச்சுதான். பழைய கேமரா லென்ஸ், கீபோர்டு, இன்வெர்ட்டர், தையல் மெஷின் என்று எல்லோருக்கும் தேவைப்படாத பொருளாக இருந்தால் அதற்கான ஆளை இங்கேதான் பிடிக்க முடியும். துமகூரிலிருந்தும் கோலாரிலிருந்தும்கூட கூப்பிட்டுக் கேட்பார்கள். தேடி வருபவருக்கு அது தேவை என்பதால் விலையும் ஓரளவு நிற்கும்.

ஆனால் விளம்பரம் போட்ட சில நிமிடங்களிலேயே மோசடிக்காரர்கள் கூப்பிடுவதும் இங்கே அதிகம். அது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வாஷிங் மெஷினுக்கு 9,000 ரூபாய் போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். கூப்பிடுபவர் பேரமே பேச மாட்டார். ராணுவத்தில் இருப்பதாகவும், மாற்றலாகி பெங்களூருக்கு வருவதாகவும், ஆள் அனுப்பிப் பொருளை எடுத்துக்கொள்வதாகவும் சொல்வார். அடையாள அட்டையின் படம்கூட வாட்ஸப்பில் வரும். அப்புறம் ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, "இதை ஸ்கேன் பண்ணுங்க சார், பணம் உங்க அக்கவுன்ட்ல வந்துடும்" என்பார். ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டதும் உங்கள் கணக்கிலிருந்து 9,000 ரூபாய் வெளியே போய்விடும். "ஏதோ தப்பாகிவிட்டது, திருப்பி அனுப்புகிறேன்" என்று அடுத்த கோடு வரும். பதற்றத்தில் அதையும் ஸ்கேன் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

யூபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டாலே பணம் உங்களிடமிருந்து போகிறது என்று பொருள். ஒருவர் இன்னொருவரிடம் யூபிஐயில் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை, யூபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. அதனால் இந்த ஏமாற்றின் ஒரு கதவு மூடியிருக்கிறது. க்யூஆர் கோடு, லிங்க் வழியாக வருவது இன்னும் இருக்கிறது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

ஊரில் ஓய்வுபெற்ற அப்பாவிடம் விளம்பரம் போடும் வேலையை விடுபவர்கள், பணம் வாங்கப் பின் நம்பர் தேவையில்லை என்ற இந்த ஒரு விஷயத்தையாவது சொல்லிக்கொடுத்துவிட்டு விடுங்கள். தயவுசெய்து.

ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ்: முகம் தெரியும், முன்பணம் கூடாது

கட்டில், சோஃபா, குழந்தைகள் சைக்கிள், தொட்டில் மாதிரியான பொருள்களுக்கு ஃபேஸ்புக்கை நான் ஓஎல்எக்ஸுக்கு மேலாக வைப்பேன். காரணம், எதிரில் இருப்பவர் யார் என்று கொஞ்சமாவது தெரிகிறது. கணக்கு எந்த வருடம் தொடங்கியது, நமக்குத் தெரிந்த நண்பர் யாராவது பொதுவாக இருக்கிறாரா என்று பார்க்கலாம். தூரத்தை வைத்து வடிகட்டவும் முடியும்.

விற்பவருக்கு இங்கே சலிப்புதான் பெரிய தொல்லை. "இது இன்னும் இருக்கிறதா?" என்ற தயார்ச் செய்தியை ஒரே தட்டலில் அனுப்பிவிட முடியும் என்பதால், வாங்கும் எண்ணமே இல்லாதவர்களும் அனுப்புகிறார்கள். பதில் சொன்னால் மறுபேச்சு இருக்காது. "இருக்கிறது, சனிக்கிழமை காலை வர முடியுமா?" என்று முதல் பதிலிலேயே நாளைக் கேட்டுவிட்டால் நேரம் மிச்சம்.

பண ஆபத்து இங்கே வாங்குபவருக்குத்தான் அதிகம். 60,000 ரூபாய் சோஃபாவை 12,000க்குப் போட்டிருப்பார்கள். கூப்பிட்டால், "இன்னொருத்தர் சாயங்காலம் வர்றார், 2,000 அனுப்பினா உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன்" என்பார்கள். அனுப்பியதும் சோஃபாவும் இல்லை, ஆளும் இல்லை. பழைய கணக்கு என்பதற்காக நம்பிவிடவும் முடியாது, அது திருடப்பட்ட கணக்காகவும் இருக்கலாம். பொருளைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நல்ல பொருள் ஒன்று கைநழுவிப் போனால் போகட்டும்.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபர்லென்கோ, ரென்டோமோஜோ போன்ற நிறுவனங்களிடம் மேசை நாற்காலி முதல் ஃப்ரிட்ஜ் வரை மாத வாடகைக்கு எடுப்பது பெங்களூரில் சகஜம். வாடகைப் பொருளையே விற்றுவிட்டுப் போகிறவரிடம் மாட்டிக்கொண்டால், பின்னால் உரிமையாளர் கேட்டு வருவார். பொருள் புதிதாகவும் விலை மலிவாகவும் இருந்தால் பில்லைக் கேளுங்கள். பில் தொலைந்துவிட்டது என்றால், வாங்கிய இணையக் கடையின் ஆர்டர் பக்கத்தையாவது போனில் காட்டச் சொல்லுங்கள்.

அப்பார்ட்மென்ட் குரூப்: விலை குறைவு, லாபம் அதிகம்

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். வீட்டு வளாகத்தின் வாட்ஸப் குரூப்பில் போட்டால் ஓஎல்எக்ஸில் கேட்பதைவிடக் குறைவாகத்தான் கேட்க முடியும். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அடித்துப் பேச மனசு வராது. ஆனாலும் கடைசியில் கையில் நிற்பது பல சமயம் இதில்தான் அதிகம்.

எப்படி என்றால், பெரிய பொருளின் உண்மையான விலையில் வண்டிக் கூலியும் சேர்ந்திருக்கிறது. ஒயிட்ஃபீல்டில் இருக்கும் அலமாரியைக் கெங்கேரியில் இருப்பவர் வாங்கினால் நகரத்தையே குறுக்கே கடக்க வேண்டும். குட்டி யானை வாடகை, ஏற்றி இறக்க இரண்டு ஆள், கழற்றி மாட்ட ஒரு தச்சர் என்று கூட்டிப் பாருங்கள். வாங்குபவர் அந்தச் செலவை மனதில் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார். அதோடு பல வளாகங்களில் சாமான் வெளியே போக சங்கத்தின் கேட் பாஸ் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற அனுமதி இருக்காது, சர்வீஸ் லிஃப்டுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். வாங்க வந்தவர் வண்டியோடு வாசலில் நின்றுகொண்டிருக்க, செக்யூரிட்டி பாஸ் கேட்டால் பேசி முடித்த விலையும் ஆட்டம் காணும். அதே அலமாரியைப் பி பிளாக்கிலிருந்து டி பிளாக்குக்கு நகர்த்த இந்தத் தொல்லை ஏதுமில்லை.

நம்பிக்கையும் இருபக்கமும் இருக்கிறது. வாங்குபவர் வீட்டுக்கே வந்து மெஷினை ஒரு முறை ஓடவிட்டுப் பார்க்கலாம். பணம் நாளைக்குத் தருகிறேன் என்றாலும் பயமில்லை. இதில் ஒரு சங்கடமும் உண்டு: பொருள் பழுதானால், "அண்ணா, நீங்க குடுத்த மெஷின் ரொம்பச் சத்தம் போடுது" என்று மறுவாரம் லிஃப்டில் கேட்பார்கள். குறையை முன்னாலேயே குரூப்பில் எழுதிப் போட்டுவிடுவது நல்லது. ஃப்ரிட்ஜ், ஏசி என்றால் மின் சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் லேபிளையும் படம் எடுத்துப் போடுங்கள். அந்த அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள். ஏசிக்கு 2022 ஜூலையில் மாற்றினார்கள். அதற்கு முன் 5 ஸ்டார் என்று வந்தது இன்றைய கணக்கில் அதே 5 ஸ்டார் இல்லை. வாங்குபவர்கள் லேபிளில் உள்ள வருடத்தைப் பார்க்காமல் நட்சத்திரத்தை மட்டும் எண்ணுகிறார்கள்.

தனி வீட்டிலோ சிறிய கட்டடத்திலோ இருப்பவர்களுக்கு இப்படி ஒரு குரூப் இல்லை. அலுவலகக் குரூப்பும், அந்தந்தப் பகுதித் தமிழர் குரூப்புகளும் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும். குவிக்கர் 2008இல் தொடங்கி ஒரு காலத்தில் ஓஎல்எக்ஸுக்குச் சமமாக நின்ற பெங்களூர் நிறுவனம்தான், ஆனால் வீட்டுச் சாமான் விற்க இன்று அதை நான் சொல்ல மாட்டேன். பழைய பாடப் புத்தகங்களுக்கு அவென்யூ ரோடும், கதைப் புத்தகங்களுக்குச் சர்ச் ஸ்ட்ரீட்டும் எந்தச் செயலியையும்விட மேல்.

போன் மட்டும் தனி

போனை நேரடியாக ஒருவருக்கு விற்றால்தான் அதிக விலை. பழைய போன் வாங்கும் கேஷிஃபை மாதிரியான நிறுவனங்கள் தரும் விலை அதைவிடக் குறையும். செயலியில் காட்டும் தொகை, வீட்டுக்கு வரும் ஆள் போனைச் சோதித்த பிறகு இன்னும் இறங்கலாம். அப்படியிருந்தும் விலை குறைந்த பழைய போன் என்றால் நிறுவனத்துக்கே கொடுத்துவிடச் சொல்வேன். முகம் தெரியாத பத்துப் பேரோடு பேச வேண்டியதில்லை, விற்றதற்கு ரசீதும் இருக்கும். விலை உயர்ந்த போன் என்றால் வித்தியாசம் பெரிது, அலுவலகத்தில் தெரிந்தவர் யாராவது வாங்குகிறாரா என்று முதலில் கேட்கலாம்.

விற்பதற்கு முன் ஐபோனில் ஐகிளவுட் கணக்கிலிருந்தும், ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கிலிருந்தும் வெளியேறிவிட்டுத்தான் மொத்தமாக அழிக்க வேண்டும். கணக்கோடு அழித்தால் வாங்கியவர் போனைத் திறக்க முடியாமல் திண்டாடலாம். வாங்குபவர்கள் *#06# போட்டு, போனின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணை எடுத்து, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்க்க வேண்டும். திருடு போனதாகப் புகார் உள்ள போன் என்றால் அங்கே தெரிந்துவிடும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டில் வாங்கினாலும் இதே சோதனைதான். அங்கே மலிவு உண்டு, ஆனால் போனைப் பற்றித் தெரிந்த ஒருவர் கூட வராமல் போகாதீர்கள்.

டிஎன் நம்பர் வண்டி

ஊரிலிருந்து கொண்டுவந்த டிஎன் நம்பர் பைக்கைப் பெங்களூர் விளம்பரமாகப் போட்டால் விலை விழும். தமிழ்நாட்டு ஆர்டிஓவின் தடையில்லாச் சான்றை நீங்கள் வாங்கித் தர, வாங்குபவர் கர்நாடகத்தில் ஆயுள் வரி கட்டி, நம்பரை மாற்ற வேண்டும். அந்தச் செலவு முழுவதும் உங்கள் விலையில்தான் கழியும். நாற்பது கிலோமீட்டரில் ஓசூர் இருக்கிறது. ஓஎல்எக்ஸில் இடத்தை ஓசூர் என்று போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை அங்கே கொண்டுபோய்க் காட்டினால் தமிழ்நாட்டுக்காரரே வாங்குவார், வேறு மாநிலத்துக்கு மாற்றும் சான்றும் வேண்டாம், புது வரியும் வேண்டாம்.

யாருக்கு விற்றாலும் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விடக் கூடாது. பெயர் மாற்றாமல் வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் உள்ள உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வாங்கியவரின் ஆதார் நகலையும், வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதிய கடிதத்தையும் வாங்கி வையுங்கள். அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் புது உரிமையாளர் பெயர் ஏறும் வரை அவருடைய போன் நம்பரை அழிக்காதீர்கள்.